கீழே எதுவும் விழவில்லை

பல் டாக்டர் கையை நீட்டினால் அதில் கருவி இருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் கண் வாயை விட்டு வெளியே போய்விடும். மறுபடி உள்ளே வந்து பழைய இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள், நாற்காலியில் படுத்திருப்பவர் எச்சிலை விழுங்கி, நாக்கைச் சுழற்றி, காய வைத்ததையெல்லாம் ஈரமாக்கி வைத்திருப்பார். அதனால் எங்கள் கிளினிக்கில் வேலை நடக்கும்போது பேச்சு கிடையாது. அண்ணி வலது கையை லேசாகத் திறப்பார். நான் வைப்பேன். அவர் விரல்கள் மூடும்போது ஒரு சின்ன இழுப்பு வரும். அந்த இழுப்பு வந்ததும் நான் விட்டுவிட வேண்டும். முன்னால் விட்டால் கருவி விழும். பின்னால் விட்டால் இரண்டு பேரும் நோயாளியின் மூக்குக்கு மேல் கயிறு இழுத்துக்கொண்டிருப்போம்.

அண்ணிதான் பல் டாக்டர். நான் அவருடைய உதவியாள், அதற்கு முன்னாலேயே நாத்தனார். எனக்குக் கல்யாணம் செய்து அனுப்பிய இடம் ஒத்துவரவில்லை. இரண்டாவது வருடமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். "சும்மா உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருக்கறதுக்கு, கீழ வந்து எச்சில் உறிஞ்சற குழாயைப் பிடி" என்றார் அண்ணி. பிடித்தேன். இன்னும் விடவில்லை. கீழே கிளினிக், மேலே வீடு. கீழே இருக்கும்போது அவரை 'டாக்டர்' என்று கூப்பிட வேண்டும், படியேறிவிட்டால் 'அண்ணி'. என் அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பான், நேரம் குறித்துக் கொடுப்பான், வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு மொக்கை ஜோக் அடித்து அவர்களை இன்னும் பயமுறுத்துவான். வயது ஐம்பதைத் தாண்டியும் இவர்கள் இரண்டு பேருக்கும் நான் 'குட்டி'தான்.

அண்ணியின் கை முதலில் தொந்தரவு கொடுத்தது வேலையில் இல்லை, தூக்கத்தில். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய் எழுப்பிவிடும். கையை உதறிவிட்டு மறுபடி படுப்பார். பிறகு பகலிலும் வந்தது. முழங்கையின் உள்பக்கத்திலிருந்து சுண்டு விரல் வரைக்கும் சுரீர் என்று ஒரு வலி. நாற்காலியின் தலைப்பலகை விளிம்பில் வலது முழங்கையை ஊன்றிக்கொண்டு வேலை செய்வது அவருடைய பழக்கம். அந்த விளிம்பில் அவர் முழங்கை பட்டுப் பட்டு ரெக்சினே வெளுத்துப் போயிருந்தது. ரெக்சின் வெளுத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முழங்கையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

முழங்கை டாக்டரிடம் போனோம். அவ்வளவு மெதுவாகப் பேசுவார் மனிதர். நாம் முன்னால் குனிந்து குனிந்து கழுத்து வலி வந்து, அதற்கும் அவரிடமே காட்ட வேண்டியிருக்கும். அண்ணன் அவருக்கு அன்றைக்கே 'சைலன்சர்' என்று பேர் வைத்துவிட்டான்.

"முழங்கையை எங்கயாவது இடிச்சுக்கிட்டா ஷாக் அடிக்கும் பாருங்க, அந்த நரம்புதான் இது" என்றார் சைலன்சர். "எலும்புக்குப் பின்னாடி ஒரு சின்ன சந்து வழியா போகுது. கையை மடக்கியே வச்சிருந்தா அங்க நசுங்கும். நீங்க நாள் பூரா மடக்கித்தான் வேலை செய்யறீங்க. ராத்திரி தூக்கத்துலயும் மடக்கறீங்க. அதுக்கு ரெஸ்டே இல்ல."

"ஊசி போட்டா சரியாகும்னு சொல்றாங்களே" என்றார் அண்ணி.

"ஸ்டீராய்டு ஊசி. நரம்பைச் சுத்தி இருக்கற வீக்கத்தைக் குறைக்கும். மணிக்கட்டுல நரம்பு மாட்டிக்கிட்டா இந்த ஊசி நல்லா கேக்கும். முழங்கையில அந்த அளவுக்கு நம்பிச் சொல்ல மாட்டேன். சிலருக்கு வலி குறையுது. சிலருக்கு வெறும் தண்ணியைக் குத்தின மாதிரிதான். ராத்திரி கையை மடக்காம ஒரு துண்டைச் சுத்திக்கிட்டுப் படுங்க. அந்த விளிம்புல ஊன்றதை நிறுத்துங்க. ஊசியைவிட அது முக்கியம்."

"ஸ்டீராய்டா?" என்றான் அண்ணன். "இந்த வெயிட் தூக்கறவங்க போட்டுக்குவாங்களே, அதுவா? இவ ஏற்கெனவே என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கறா டாக்டர்."

சைலன்சர் சிரிக்கவில்லை. அது வேறு வகை என்று பொறுமையாக விளக்கினார். பிறகு கேட்டார்: "கையில இருந்து பொருள் நழுவுதா? கீழ விழுதா?"

"இல்ல" என்றார் அண்ணி. அது அப்போது உண்மைதான்.

ஸ்கேன் கருவியை முழங்கையில் வைத்துத் திரையைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்தினார். நரம்பு எங்கே இருக்கிறது, ஊசி அதைத் தொடாமல் பக்கத்தில் எப்படிப் போகிறது என்று எல்லாம் தெரிந்தது. பகல் முழுக்க ஊர் ஈறில் ஊசி குத்துகிற அண்ணி, தனக்கென்று வந்ததும் சும்மா இருக்கவில்லை. "மெதுவா தள்ளுங்க. அவசரமே வேண்டாம். இன்னும் மெதுவா" என்று பாடம் எடுத்தார். சைலன்சர் அதற்கும் சரி சரி என்று தலையாட்டினார்.

வலி குறைந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். சில நாளிலேயே அந்தச் சுரீர் போய்விட்டது. அண்ணிக்குக் கொஞ்சம் சர்க்கரை உண்டு. ஊசியால் அது ஏறும் என்று சொல்லியிருந்தார்கள், ஏறியது. அண்ணன் சோதிக்கும் கருவியை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றினான். அதுவும் இறங்கியது. ஊசி குத்திய இடத்தில் தோல் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளுத்தது. அப்படியும் ஆகலாம் என்று சொல்லித்தான் குத்தினார். துண்டைச் சுற்றிக்கொண்டு படுப்பதை அண்ணி ஒரு வாரம் செய்தார். பிறகு துண்டு குளியலறைக்குத் திரும்பிப் போனது. நாற்காலி விளிம்பில் முழங்கையும் திரும்பி வந்து உட்கார்ந்தது. நான் சொன்னேன். "வலிதான் போயிடுச்சே குட்டி, தொணதொணங்காதே" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் ஒன்று நடந்திருக்கிறது. எப்போது ஆரம்பித்தது என்று இன்றைக்குத் தலைகீழாக நின்று யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை. கருவியை அண்ணியின் கையில் வைக்கும்போது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் ஆழமாக அழுத்தி வைக்க ஆரம்பித்திருந்தேன். இழுப்பு வந்த பிறகும் ஒரு மூச்சு நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். துளை போடும் கருவிக்கு ஒரு நீளமான குழாய் வால் உண்டு. அதன் கனம் கையை இழுக்காமல் இருக்க அதை என் விரலில் சுற்றித் தூக்கிப் பிடித்திருந்தேன். அடைக்கும்போது பல்லைச் சுற்றிக் கட்டும் சின்னச் சின்ன உலோகப் பட்டைகளை அவர் எடுக்கக் காத்திராமல் நானே இடுக்கியில் எடுத்து, திருப்பி, அவர் பிடிக்க வசதியான பக்கத்தை நீட்டினேன். இது எல்லாவற்றுக்கும் மேலாக, என் இடது கை எப்போதும் அவர் கைக்குக் கீழே இருந்தது. ஏதாவது சரிந்தால் சத்தமில்லாமல் அதில் வந்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததை நான் மறுபடி மேலே வைத்துவிடுவேன். வயதானவரோடு நடக்கும்போது நம் நடை தானாகக் குறையும் இல்லையா, அந்த மாதிரி. திட்டம் போட்டு யாரும் செய்வதில்லை.

சில மாதம் கழித்துச் சுரீர் திரும்ப வந்தது. இரண்டாவது ஊசிக்குப் போனோம். இந்த முறை சைலன்சர் ஒரு காகிதத் துண்டை எடுத்து, "கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிங்க, நான் இழுக்கறேன், விடாதீங்க" என்றார். அண்ணி பிடித்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி, கட்டை விரலின் நுனியை மடக்கி இறுக்கிப் பிடித்தார். வரவில்லை.

"நுனியை மடக்கித்தான் பிடிக்க முடியுது" என்றார் சைலன்சர். எனக்கு அதில் என்ன தப்பு என்று புரியவில்லை. பிடித்துவிட்டாரே. "எனக்கு இது நல்லதாப் படல. பிடிக்கற சதையில பலம் குறைஞ்சிருக்கு. நரம்பு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, ஆபரேஷன் பண்ணி அந்தச் சந்தைத் திறந்து விட்டுடலாம்னு நினைக்கிறேன்."

"பண்ணினா எப்ப வேலைக்கு வரலாம்?"

"மேசை வேலைன்னா சீக்கிரம். உங்க வேலைக்கு மாசக் கணக்காகும்."

"பழைய கை கிடைக்குமா?"

"உறுதி சொல்ல மாட்டேன்."

அண்ணி சிரித்தார். கோபம் வந்தால் அவர் சிரிப்பார். "துளை போடாத பல் டாக்டரை யார் டாக்டர்னு சொல்லுவா? வலி மட்டும்தான் பிரச்சினை, டாக்டர். வேலையில ஒரு குறை கிடையாது. இன்னிக்கு வரைக்கும் என் கையிலிருந்து ஒண்ணு கீழ விழுந்தது கிடையாது. வேணும்னா இவளைக் கேளுங்க. இவ பொய் சொல்ல மாட்டா, யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவா."

சைலன்சர் என்னைப் பார்த்தார். நான் நன்றாக யோசித்தேன். தரையில் எதுவும் கிடந்ததாக ஞாபகம் இல்லை.

"ஒண்ணும் விழலை டாக்டர்" என்றேன்.

அவர் அந்தக் காகிதத் துண்டை ஓரமாக வைத்தார். "சரி, இதோட கடைசி. இந்த ஊசியை அடுக்கிக்கிட்டே போகக் கூடாது. ஏதாவது ஒண்ணு நழுவினாலும் அன்னிக்கே வந்துடணும்" என்றார். ஊசி இறங்கியது. வலியும் அடங்கியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் என் பல் மானத்தை வாங்கியது. பல் கிளினிக்கில் இத்தனை வருடம் நின்றவளுக்குக் கீழ்வரிசையில் இடது கடைவாயில் சொத்தை. அண்ணன், கிளினிக்குக்கு வந்த ஒரு ஆள் விடாமல் எல்லோரிடமும் தண்டோரா போட்டான். நான் நாற்காலியில் படுத்தால் உதவிக்கு ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? அண்ணனையே நிறுத்த முடிவாயிற்று. முந்தைய நாள் மேலே சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை வரிசையாக வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"இழுப்பு வந்தா விடு. வராம விடாதே. வந்தப்புறம் பிடிச்சுக்கிட்டு நிக்காதே. அவ்வளவுதான் வித்தை."

"இதுக்கா உனக்கு இத்தனை வருஷமா சாப்பாடு போடறோம்?" என்றான். ஆனால் கற்றுக்கொண்டான். சிரித்துக்கொண்டே செய்தாலும் சரியாகச் செய்தான்.

மறுநாள் காலை நாற்காலியில் படுத்தேன். நோயாளிகளிடம் அண்ணி சொல்லும் வசனத்தை எனக்கும் சொன்னார்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. பேச முயற்சி பண்ணாதீங்க."

"எனக்கே சொல்றீங்களா?"

"முக்கியமா உனக்குத்தான் சொல்லணும். வாயைத் திற."

மரத்துப்போகும் ஊசி போட்டார். இடது பாதி உதடும் தாடையும் என்னுடையதாக இல்லாமல் போயின. அண்ணன் முகமூடியை மூக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தான். அண்ணி கையைத் திறந்தார். பல்லைக் குத்திப் பார்க்கும் கொக்கிக் கருவியை அண்ணன் வைத்தான். இழுப்பு வந்தது. விட்டான். கருவி என் மார்பில் விழுந்து, உருண்டு, தரையில் போய் டங் என்றது.

"ஒழுங்கா குடுங்க" என்றார் அண்ணி.

உபயோகமில்லாத ஜென்மம், ஒரு கரண்டியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேனே என்று நானும் வாய்க்குள்ளேயே அண்ணனைத் திட்டினேன். இன்னொன்று எடுத்தான். வைத்தான். இழுப்பு வந்தது. விட்டான். அதுவும் டங்.

இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் அந்தக் கையை நான் மேலிருந்து, பக்கவாட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். கீழே படுத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில், அடிப்பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. கையுறைக்குள் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கருவி வந்ததும் இரண்டு விரல்கள் இழுத்தன. மற்ற இரண்டும் மூடவில்லை. அண்ணன் நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுத்தபடியே செய்தான். சரியாகக் கொடுத்தால் அந்தக் கையில் எதுவும் நிற்காது.

எனக்கு அப்போதுதான் என் இடது கை ஞாபகம் வந்தது. அது எப்போதும் எங்கே இருந்தது என்பதும்.

வாயில் பஞ்சு, குழாய், கண்ணாடி எல்லாம் இருந்தன. அண்ணி துளை போடும் கருவியைத் தானே கையில் எடுத்துவிட்டார். நான் இடது கையைத் தூக்கினேன்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்ட முடியாது, வாய்க்குள் கூர்மையான சாமான் இருக்கிறது. ஆ, ஆ என்றேன்.

"இவளுக்கு எப்பவுமே எல்லாம் கொஞ்சம் கூடத்தான் வேணும்" என்று இன்னொரு ஊசி போட்டார். இப்போது கன்னமும் நாக்கும் சேர்ந்து மரத்தன. கையைத் தூக்கினால் வலி என்று மட்டும்தான் எங்கள் கிளினிக்கில் அர்த்தம். அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்ததே நான்தான். மறுபடி தூக்கினேன். "இரு, இரு, முடிஞ்சிடும்" என்றார். நானும் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லி அவர்கள் கையை மெதுவாக இறக்கிவிட்டிருக்கிறேன். அண்ணன் இறக்கிவிட்டான்.

துளை போடும்போது டாக்டரின் மோதிர விரல் நோயாளியின் முன்பல்லில் ஊன்றியிருக்கும். அந்த ஊன்றல்தான் கையை ஆடாமல் வைக்கும். பாதித் தோண்டியபோது அந்த விரல் பல்லிலிருந்து வழுக்கி என் உதட்டின் மேல் வந்துவிட்டது. என் உதடு மரத்திருந்தது. அவர் விரலும் மரத்திருந்தது. கருவி சாய்ந்ததும், சுற்றும் முனை உதட்டின் உள்பக்கத்தைக் கிழித்ததும் எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அவர் கண் பல்லில் இருந்தது. குழாயில் ஓடிய சிவப்பைப் பார்த்தது அண்ணன்தான்.

"ஏய், ரத்தம்! நிறுத்து, ரத்தம்!"

காயம் பெரிதில்லை. அழுத்திப் பிடித்ததும் நின்றுவிட்டது, தையல் தேவைப்படவில்லை. தோண்டிய பல்லில் அண்ணி அவசரமாகத் தற்காலிகச் சிமென்டை வைத்து அடைத்தார். பிறகு கணவன் பக்கம் திரும்பினார்.

"உதட்டை இழுத்துப் பிடிக்கறதுதானே உங்க வேலை? எங்க பாத்துட்டு இருந்தீங்க? ரெண்டு கருவியைக் கீழ போட்டாச்சு, இப்ப இது வேற."

"நீ சொன்ன இடத்துலதானே பிடிச்சேன்" என்றான் அண்ணன். அப்புறம் குரல் இறங்கிப் போய், "நான்தான் சரியா பிடிக்கல போல" என்றான். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நிஜமாகவே தன் தப்பு என்று நம்ப ஆரம்பித்துவிட்டான் பாவி. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். வாய் கோணிக்கொண்டு, எச்சில் ஒழுக, கழுத்தில் கட்டிய காகிதத் துண்டோடு தட்டை என் பக்கம் இழுத்தேன்.

"கையை நீட்டுங்க டாக்டர்."

"என்ன விளையாட்டு இது?"

"நீட்டுங்கன்னு சொல்றேன்."

நீட்டினார். கொக்கியை வைத்தேன். பழைய முறைப்படி, இழுப்பு வந்ததும் விட்டேன். என் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். டங். சுரண்டும் கருவியை வைத்தேன். இழுப்பு வந்தது, விட்டேன். டங். மூன்றாவதாக எடுத்ததை அழுத்தி வைத்து, திருப்பி, ஒரு மூச்சு பிடித்திருந்து, பிறகு விட்டேன். அது நின்றது.

"இப்படித்தான் குடுத்துட்டு இருக்கேன்" என்றேன். "இப்படிக் குடுத்தாத்தான் நிக்குது. அப்படியும் நிக்காததை நான் கீழ கையை வச்சுப் பிடிச்சிருக்கேன். அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. அவன் ஒழுங்கா குடுத்தான்."

அண்ணி கையிலிருந்த கருவியைப் பார்த்தார். "எப்ப இருந்து?"

"தெரியல."

"ஏன்டி சொல்லல?"

"எனக்கே இந்த நாற்காலியில படுத்தப்பதானே தெரிஞ்சுது! தெரிஞ்சா சொல்லாம இருப்பேனா? உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றவதானே நானு? அந்த ஆள் கேட்டப்ப ஒண்ணும் விழலைன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னேனே!" என்று கத்தினேன். பாதி வார்த்தை எச்சிலாகத்தான் வந்தது. அவர் மேல் கோபமா, என் கை மேல் கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். மரத்துப்போன பக்கம் கண்ணீர் இறங்குவது தெரியவில்லை.

அண்ணி கையுறையைக் கழற்றினார். கட்டை விரல் பக்கத்துப் பள்ளத்தை இடது கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். நோயாளியின் ஈறை அழுத்திப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"மதியம் வர்றவங்களுக்குப் போன் பண்ணிடுங்க" என்றார்.

"என்னன்னு சொல்ல?" என்றான் அண்ணன்.

"டாக்டருக்குக் கை சரியில்லன்னு சொல்லுங்க."

அண்ணன் எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பான். அன்றைக்கு நேரே முன்னறைக்குப் போய் போனை எடுத்தான்.

சைலன்சர் பழைய கேள்வியைத்தான் கேட்டார். நழுவுதா, விழுதா? அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. "விழுது" என்றார். நரம்பு டெஸ்டில் கையில் ஷாக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முழங்கைச் சந்தில் செய்தி தடைபட்டு, சுண்டு விரலுக்கு வந்து சேரும்போது ஒன்றுமில்லாமல் தேய்ந்திருந்தது. ஊசி வலியை அடக்கியிருக்கிறது, நசுக்கலை அடக்கவில்லை என்றார் சைலன்சர். "வலி போனதும் நீங்க சரியாயிடுச்சுன்னு நினைச்சீங்க. நானும் இன்னும் ரெண்டு கேள்வி கூடக் கேட்டிருக்கணும்" என்றார். அதையும் அதே தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"முதல்லயே ஆபரேஷன் பண்ணியிருந்தா?" என்று நான் கேட்டேன்.

"கூட நம்பிக்கை இருந்திருக்கும். உறுதின்னு அப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். இப்ப பண்ணினா இதுக்கு மேல கெடாம நிறுத்தலாம். உணர்ச்சி திரும்ப வரலாம். பலம் எவ்வளவு வரும்னு கைதான் சொல்லணும்."

ஆபரேஷன் நடந்தது. முழங்கையில் வெளுத்த பொத்தானுக்குப் பக்கத்திலேயே கோடு மாதிரி ஒரு தழும்பு. கிளினிக்கில் இப்போது அண்ணியோடு படித்த ஒரு டாக்டர் வந்து துளை போடுகிறார். அண்ணி பார்த்துச் சொல்கிறார், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கிறார், துளை போடுவதில்லை. என் பல்லையும் அந்தத் தோழிதான் முடித்தார். அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஆழம் போ, ஓரத்தைப் பாரு, அவ உதட்டை இழுத்துப் பிடி" என்று உயிரை வாங்கினார். தோழி ஒரு கட்டத்தில், "வெளியில போறியா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அண்ணி போனார். முன்னறையில் அண்ணன் பக்கத்தில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து படுத்திருந்த எனக்குக் கதவு வழியாக அவர் முழங்கை மட்டும் தெரிந்தது. மடக்காமல் நேராக மடிமேல் வைத்திருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலங்களில், கிளினிக் மூடிய பிறகு, அண்ணி தட்டை எடுத்து வைத்து என்னைக் கூப்பிடுவார். விளக்கைப் போட்டுக்கொள்வார். காலி நாற்காலியில் ஒரு வாய் இருப்பதாக வைத்துக்கொண்டு கண்ணை அங்கே நிறுத்தி, கையைத் திறப்பார். அவருடைய ஒரே நிபந்தனை, நான் பழைய முறைப்படி கொடுக்க வேண்டும். இழுப்பு வந்ததும் விட வேண்டும். இடது கை பின்னால் இருக்க வேண்டும். அது எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. விழப்போகிறது என்று தெரிந்தே விடுவதற்கு நான் பழக வேண்டியிருந்தது. விட்டேன். டங். "மறுபடி" என்பார். டங். "மறுபடி." அண்ணன் முன்னறையிலிருந்து, "என்னம்மா, கோயில் மணியா அடிக்கறீங்க?" என்று கத்துவான். சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மேலே போகவும் மாட்டான்.

நேற்றும் அப்படித்தான் நின்றோம். அண்ணி கையைத் திறந்தார். கொக்கியை வைத்தேன். இழுப்பு வந்தது. விட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை.

அண்ணி காலி நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொக்கி அவர் விரல்களிலேயே நின்றிருந்தது.

"விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"நிஜமா? பிடிச்சுக்கிட்டு இல்லையே?"

எனக்கே சந்தேகம் வந்து குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவர் திரும்பிப் பார்க்கும் வரைக்கும், என் இரண்டு காலிக் கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.